மாடியறையில் இருப்பவள் வேறு ஊரில் இருக்கிறாள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோப்பை கழுவும் தொட்டியருகே, ஈரக் கையோடு ஒரு பெண்மணி இதை என்னிடம் தந்தார். அதுவும் பாதிதான் தந்தார்.

பிழைக்க வந்த நாட்டில் எங்கள் ஆட்கள் மாதம் ஒருமுறை கூடும் மண்டபம் அது. அன்று ஒரு மனநல மருத்துவர் வந்து பேசினார். இல்லாத குரல் காதில் கேட்பது, ஊரே தன்னைக் கவனிக்கிறது என்று நம்புவது போன்ற நோய், நாடு விட்டு நாடு வந்தவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறதாம். வந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அப்படித்தானாம். "பயப்படாதீங்க, பெரும்பாலானவங்களுக்கு இது வரவே வராது," என்று உடனே சேர்த்துக்கொண்டார். ரத்தத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது என்றார். தனிமை, ஏளனம், படித்த படிப்புக்குக் கதவு திறக்காமல் திரும்பி வருவது, தன் தெருவில் தன்னைப் போல் ஒரு முகம்கூட இல்லாமல் நடப்பது, இவையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மனத்தின் மேல் பாரம் ஏற்றுகின்றன என்றார்.

கேள்வி நேரத்தில் ஒருவரும் கை தூக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் எழுந்து, ஒலிபெருக்கி கரகரக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். துடைக்கத் துணியோடு அந்தப் பெண்மணி வந்தார்.

"நீங்க எழுதறவங்கதானே?"

"ஏதோ கொஞ்சம்."

"எங்க வீட்டைப் பத்தி எழுதுங்க. ஆனா எங்க வீடுன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

பத்துக் கோப்பை கழுவும் நேரம் பேசினார். பதினோராவது கோப்பையின்போது கரண்டி தேடி ஒருவர் உள்ளே வந்தார். பெண்மணி சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கரண்டி கிடைத்தது. பேச்சு கிடைக்கவில்லை.

ஆகவே இதில் முற்பாதி அவருடையது, பிற்பாதி என்னுடையது. எந்த இடத்தில் ஒட்டுப் போட்டேன் என்பதை அங்கே வரும்போது காட்டிவிடுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டு மாடி ஜன்னல் மட்டும் எந்நேரமும் திரை போட்டு—"

நிறுத்திவிட்டேன். ஜன்னலில் தொடங்கும் கதை ஜன்னலை விட்டு நகர மறுக்கும் என்பது என் அனுபவம். அடுத்தது இது:

"சின்னவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பதை முதலில் கண்டுபிடித்தது—"

இதையும் அடித்தேன். 'பேதலித்துவிட்டது' என்று எழுதிய கை என்னுடையதுதான் என்பதில் வெட்கம். ஒரு பெண்ணை உங்களிடம் அழைத்து வரும்போது, நோயை முன்னால் நடக்கவிட்டு அவளைப் பின்னால் வரச் சொல்வது என்ன மரியாதை? அவள் முதலில் வரட்டும்.

மூன்றாவது தொடக்கம் நின்றது:

சின்னவளுக்கு இருபத்தைந்து வயது. போர்வை மடிப்பதில் மகா கெட்டிக்காரி.

3

அவளுக்கு மூத்தவள் ஒருத்தி உண்டு, கல்யாணமாகி வெகு தூரத்தில் இருந்தாள். அதனால் இவள் வீட்டில் சின்னவள். அப்பா நகரப் பேருந்து ஓட்டுகிறார். அம்மா ஒரு துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து, கால்சட்டைகளுக்கு நீளம் குறைத்துத் தைக்கிறார்.

சின்னவள் வேதியியல் படித்தவள். ஆய்வகங்களுக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்தாள். ஒரு நேர்காணலில், "ரொம்ப நல்லாப் பேசறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்கள். "இங்கதான். ரெண்டு தெரு தள்ளி, ஆரம்பப் பள்ளியில," என்றாள். அவர்கள் சிரித்துவிட்டு, "அது சரி, நெசமா எந்த ஊரு?" என்றார்கள். அந்த ஊரில் பிறந்தவள் அதற்கு என்ன பதில் சொல்வாள்? வேலையும் கிடைக்கவில்லை, பதிலும் கிடைக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். சாதாரண விரிப்புகளை இயந்திரமே மடித்துவிடும். பெரிய போர்வைகளைக் கையால்தான் மடிக்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு மூலை. ஒரு உதறல். நான்கடி நடந்து நடுவில் சந்தித்து, ஒருத்தி தன் மூலைகளை மற்றவளிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பைப் பிடிப்பாள். மறுபடி பின்னால் நடை. நாள் முழுக்க இதேதான், ஆடுகிற மாதிரி.

இருவரும் ஒரே உயரமாக இருந்தால்தான் மடிப்பு நேராக விழும் என்பது அங்கே எழுதாத சட்டம். சின்னவள் குள்ளம். அவளுக்கு எதிர்முனை பிடித்தவள் வேறொரு தேசத்திலிருந்து வந்த, பனைமரம் போல் வளர்ந்த பெண்மணி. சின்னவள் வீட்டில் வந்து சொல்லும்போது 'நெட்டை' என்றே சொல்வாள். மேற்பார்வையாளர் இருவரையும் பிரிக்கப் பார்த்தார். நெட்டை ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துச் சின்னவளின் காலடியில் வைத்தாள்.

"நீ இதுல ஏறு. இல்லேன்னா நான் நாள் பூரா முட்டி போடணும். ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"நீங்க முட்டி போடுங்க."

"கொழுப்பு! ஏறுடி மேல."

(அவர்கள் பேசியது அந்த நாட்டு மொழியில். இருவருக்கும் அது தாய்மொழி இல்லை. ஆனாலும் அந்த மொழியில் அவர்கள் சிரித்த சிரிப்பு தமிழில் இப்படித்தான் கேட்கும் என்று நம்புகிறேன்.)

இதற்கு நடுவில் அவர்கள் வீடு மாறினார்கள். அது அம்மாவின் ஆசை. பழைய குடியிருப்பில் நம் ஆட்கள் நெருக்கியடித்து இருந்தார்கள். சுவர் அப்பளம் மாதிரி. ஒருவர் தும்மினால் மூன்று வீட்டிலிருந்து மருந்து வரும், மருந்தோடு விசாரணையும் வரும். "நாம பெருமூச்சு விட்டாகூட ஊருக்கே தெரியுது," என்று அம்மா அலுத்துக்கொள்வார். புதுத் தெருவில் தனி வீடு, தனி மாடிப்படி, வாசலில் தனி மணி. மணிதான் அடிக்காது. முதல் வாரம் அம்மா வாசலில் நின்று போகிற வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தார். எதிர்வீட்டுக்காரம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாம் மாதத்தில் அம்மாவும் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டார்.*

* அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. பிள்ளைகளுக்கு நல்ல வீடு தேடுவது பாவமா? எதிர்வீட்டுக்காரம்மாவும் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஒருவேளை அவருக்கு உண்மையிலேயே நேரமாகியிருக்கலாம். ஒரு தெருவே வருடக்கணக்கில் கடிகாரம் பார்த்தால்தான் அது வேறு கணக்கு.

4

பேருந்தில் பின்னிருக்கைக்காரர்கள் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று சின்னவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

ஒரு தடவை அது உண்மை. இரண்டு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளைக் காட்டிச் சிரித்தார்கள். அதுதான் சிக்கல். ஒரு தடவை உண்மையாகிப்போன ஒன்றை, மறுநாள் பொய் என்று மனத்துக்கு எப்படிச் சொல்வது? பழைய குடியிருப்பாக இருந்தால், வீட்டுப் படியேறும்போதே பக்கத்து வீட்டில் சொல்லித் திட்டித் தீர்த்து, சிரித்து மறந்திருப்பாள். புதுத் தெருவில் சொல்ல ஆளில்லை.

பிறகு சலவைக்கூடத்தில், உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலுக்குள் ஒரு குரல் வந்தது.

(அந்தக் குரல் என்ன சொன்னது என்று எழுதப் போவதில்லை. முதல் பிரதியில் எழுதினேன், அந்தப் பக்கம் மட்டும் பிரமாதமாக வந்திருந்தது. அதனாலேயே கிழித்தேன். அவளை வாட்டிய ஒன்றுக்கு என் கதையில் நாற்காலி போட்டு உட்காரவைக்க மனம் வரவில்லை.)

ஒரு நாள் மடிப்பின் நடுவில் சின்னவள் மூலைகளை விட்டுவிட்டாள். வெளுத்த போர்வை ஈரத் தரையில் விழுந்தது. மேற்பார்வையாளர் திரும்பினார். நெட்டை குனிந்து நான்கு மூலைகளையும் தானே அள்ளிக்கொண்டு, "என் கை வழுக்கிருச்சு," என்றாள்.

மறுநாளிலிருந்து சின்னவள் வேலைக்குப் போகவில்லை.

அம்மாவும் அப்பாவும் சும்மா இருந்துவிடவில்லை. மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். மாத்திரை தொடங்கியது. குரல் காதருகிலிருந்து பக்கத்து அறைக்கும், பக்கத்து அறையிலிருந்து தெருமுனைக்கும் தள்ளிப் போனது. ஒரு நர்ஸ் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பார்த்தார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார் நர்ஸ்.

"யாருக்குமே தெரியாது," என்றார் அம்மா, கொஞ்சம் பெருமையாகவே.

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினார். "அது நல்ல சேதி இல்லைங்கம்மா. மாத்திரை அதோட வேலையைப் பார்க்கும். மத்ததை மனுஷங்கதான் பார்க்கணும்."

அம்மாவுக்குத் தலையாட்டத் தெரிந்தது. ஆனால் அதற்குள் அவர் ஒரு பொய்யைச் சொல்லி முடித்திருந்தார்.

5

பழைய குடியிருப்பில் 'வானொலி' என்றொரு அக்கா. பட்டப்பெயருக்கு விளக்கம் வேண்டியதில்லை. அவர் போனில், "என்னம்மா, சின்னவளை ஆளையே காணோம்?" என்று கேட்டபோது அம்மாவின் வாயில் தானாக வந்தது அது:

"அவளுக்கு வேற ஊர்ல வேலை கெடச்சிருக்குக்கா. போயிட்டா."

பொய்யை ஒருமுறை சொன்னால் போதாது, அதற்குத் தினமும் சோறு போட வேண்டும். வாசல் அலமாரியிலிருந்த சின்னவளின் செருப்புகளையும் காலணிகளையும் அப்பா ஒன்றும் பேசாமல் எடுத்து, கைக்குழந்தையைத் தூக்குவது போல் மார்போடு அணைத்து மாடிக்குக் கொண்டுபோனார். திரை போடப்பட்டது. யாராவது வந்தால் மாடியில் நடக்கக் கூடாது, இருமக் கூடாது.

ஒரு ஞாயிறு பிற்பகல் வானொலி அக்காவே வந்துவிட்டார்.

"ஏம்மா, அங்க எப்படி இருக்கா? தனி வீடா?"

"ரெண்டு ரூமுக்கா. நல்ல வெளிச்சம்."

"சமைக்கிறாளா? இங்க இருந்தப்ப வெந்நீர்கூட வைக்கமாட்டாளே!"

"இப்ப எல்லாம் தானே செய்யறா. கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கா. கூட வேலை பாக்கறவங்க அவ்வளவு பிரியமா இருக்காங்களாம். ஆய்வகத்துல வேலைக்கா, வெள்ளைக் கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு..."

சொல்லச் சொல்ல அம்மாவின் குரல் இளகியது. எத்தனையோ நாள் கழித்து மகளைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசக் கிடைத்த வாய்ப்பு. விட முடியவில்லை. தலைக்கு மேலே, கட்டிலில் சம்மணமிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு சின்னவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

வானொலி போனபின் அம்மா தேநீரோடு மாடியேறினார். சின்னவள் முகம் தெளிவாகத்தான் இருந்தது. கோப்பையை வாங்கிக்கொண்டு, நலம் விசாரிக்கிற குரலில் கேட்டாள்:

"அம்மா, அவ எப்படி இருக்கா?"

"யாரு கண்ணு?"

"அந்த ஊர்ல இருக்கறவ."

அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கான்னு சொன்னியே. அப்ப நான் இங்க யாரும்மா?"

6

இங்கேதான் கரண்டி தேடியவர் உள்ளே வந்தார்.

இனி என் ஒட்டு வேலை.

பல வாரம் இந்த இடத்திலேயே நின்றேன். பிறகு ஒரு முடிவு எழுதினேன். ஊருக்கு வெளியே மரங்கள் சூழ்ந்த ஓர் இல்லம், அன்பான தாதியர், வாரம் ஒருமுறை அம்மா போய்ப் பார்க்கிறார், சின்னவள் அங்கே ரோஜாச் செடி வைக்கிறாள். எழுதி முடித்த திருப்தியில் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். கண்ணை மூடியதுமே உறைத்தது. நானும் அவளை வேறு ஊருக்குத்தானே அனுப்பியிருக்கிறேன்! கூடவே ரோஜாச் செடி வேறு.

இரண்டாவது முடிவில் நோய் ஒரே நாளில் பறந்தது, ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது, எதிர்வீட்டுக்காரம்மா கைதட்டினார். அற்புதங்களை நம்புகிறவன்தான் நான். ஆனாலும் இதை ஆண்டவன் முன்னால் வாசிக்கக் கூச்சமாக இருந்தது.

மூன்றாவதை இனி நீங்கள் படிக்கலாம்.

7

ஒரு மாலை மூன்றரைக்கு வாசல் மணி அடித்தது. சலவைக்கூடத்து நீலச் சட்டையைக்கூட மாற்றாமல் நெட்டை நின்றாள். நிலைப்படிக்குக் குனிய வேண்டியிருந்தது.

"அவ இல்ல," என்றார் அம்மா. "வேற ஊருக்கு—"

வாக்கியம் முடியவில்லை. 'அப்ப நான் இங்க யாரும்மா' என்று மகள் கேட்டது அவர் காதில் மட்டும் மறுபடி ஒலித்தது. இதுவும் ஒரு குரல்தான். ஆனால் இது கேட்க வேண்டிய குரல்.

"கொஞ்சம் இரும்மா," என்று நெட்டையை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அம்மா போனை எடுத்தார். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லத் தெம்பில்லை. ஒருமுறை சொன்னால் ஊர் முழுக்கப் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான் அவருக்குத் தெரியும்.

"அக்கா, நான்தான். நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். சின்னவ எங்கயும் போகல. மாடியிலதான் இருக்கா. மனசு சரியில்ல அவளுக்கு. வைத்தியம் நடக்குது."

மறுமுனையில் சத்தமே இல்லை. வானொலி அணைந்து அம்மா கேட்டது அதுதான் முதல் தடவை.

"அக்கா?"

"இருக்கேம்மா." மூக்கை உறிஞ்சும் ஓசை. "நான் வந்தப்ப மேலதான் இருந்தாளா? அடிப் பாவி, நான் பாட்டுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாதுன்னு சொன்னேனே, கேட்டிருப்பாளே புள்ள!"

அம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டார்.

"சரி, ஒண்ணு சொல்லு," என்றார் வானொலி. "இதை நான் மத்தவங்ககிட்ட சொல்லலாமா, கூடாதா?"

வாழ்நாளில் அவர் யாரிடமும் கேட்காத கேள்வி.

"சொல்லுங்கக்கா. எல்லார்கிட்டயும் சொல்லுங்க. சரியா மட்டும் சொல்லுங்க."

அப்பா பணி முடிந்து வந்தபோது, சின்னவளின் காலணிகள் வாசல் அலமாரியில் பழைய இடத்தில் இருந்தன. அவர் தன் காலணியைக் கழற்றி அவற்றின் பக்கத்தில், முனை ஒட்டினாற்போல் வைத்தார்.

மாடியில் நெட்டை அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டிலில் கசங்கிக் கிடந்த போர்வையை எடுத்தாள். இரண்டு மூலைகளைத் தான் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டைச் சின்னவளின் பக்கம் நீட்டினாள்.

"உன் இடத்துல வேற ஒருத்தியைப் போட்டிருக்காங்க. என் உயரம். மடிப்பு நூல் பிடிச்ச மாதிரி விழுது. சகிக்கல எனக்கு."

சின்னவள் எழுந்து நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு கட்டிலின் மேல் ஏறினாள். அங்கிருந்து மூலைகளைப் பிடித்தாள். சிரித்தாள்.

8

கதை அங்கே முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த கூட்டத்துக்குத் தாள்களை எடுத்துப் போனேன். எல்லாரும் போனபின், அதே தொட்டியருகே, அந்தப் பெண்மணிக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்.

முடிந்ததும் துடைக்கும் துணியைக் கையில் எடுத்தார்.

"அந்த நெட்டைப் பொண்ணு வந்தா," என்றார். "நெசமாவே. ரெண்டு தடவை. உங்ககிட்ட சொன்னேனா நான்?"

"இல்லையே. கூட வேலை செய்யறவங்கன்னு மட்டும்தான் சொன்னீங்க. வருவாங்கன்னு நானா எழுதினேன்."

"ரெண்டு தடவையும் வேற ஊருன்னு சொல்லி அனுப்பிட்டேன். போகும்போது மாடி ஜன்னலைப் பார்த்துக் கையாட்டிட்டுப் போனா." துணியை முறுக்கினார். "நீங்க எழுதினதுல நான் போன் பண்ணிட்டேன். நெசத்துல இன்னும் பண்ணல."

தாள்களை மடித்தேன். எழுதுவது எத்தனை சுலபம். நான் ஒரு பத்தியில் அவரைத் தைரியசாலி ஆக்கிவிட்டேன். அவர் எத்தனையோ மாதமாக அந்தப் பத்தியின் வாசலில் நிற்கிறார்.

"மாத்திரை ஒழுங்காப் போடறா," என்றார். "பேசறா. சாப்பிடறா. ஆனா சிரிச்சான்னு எழுதியிருக்கீங்களே, அதை எடுத்துடுங்க. இன்னும் சிரிக்கல. சிரிச்சதும் நானே வந்து சொல்றேன், அப்ப எழுதிக்கலாம்."

அவர் கண் முன்னாலேயே அந்தச் சொல்லை அடித்தேன்.*

* ஏழாம் பகுதியின் கடைசிச் சொல். நீங்கள் படிக்கும் பிரதியில் அடித்தல் தெரியாமல் அச்சாகியிருந்தால், தயவுசெய்து நீங்களே ஒரு கோடு போட்டுவிடுங்கள். பென்சிலால் போடுங்கள், பின்னால் அழிக்க வேண்டியிருக்கும்.

"வேற ஏதாவது மாத்தணுமாங்க?" என்று கேட்டேன். "உங்க வீடுன்னு தெரியாத மாதிரிதான் எழுதியிருக்கேன். எங்கயாவது தெரியுதா?"

அவர் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். ஒரு விரல், இன்னொரு விரல் என்று நிதானமாக.

"தெரிஞ்சா தெரியட்டும்," என்றார்.

பையிலிருந்து போனை எடுத்தார். எண்களைத் தேடினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி தேடினார். நான் வெளியே போகத் திரும்பினேன். "இருங்க," என்றார், "அந்த வசனத்தைத் திரும்பப் படிங்க. நான் பொய் சொல்லிட்டேன்கறதுக்கு அப்புறம் என்ன வரும்?"

"சின்னவ எங்கயும் போகல."

"சின்னவ எங்கயும் போகல," என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு போனைக் காதில் வைத்தார்.

மணி அடித்தது. மண்டபம் காலியாக இருந்ததால் எனக்கே கேட்டது. ஒன்று. இரண்டு.

வானொலி அக்கா என்ன சொல்வார் என்று எழுதிவைத்திருந்தேன், நீங்களும் படித்தீர்கள். அது நான் வேண்டிக்கொண்டது. எடுக்கப்போகிறவர் அதைப் படித்தவரில்லை. அவர் 'அப்படியா' என்று இழுக்கலாம். பாவம் என்று சொல்லி வைத்துவிடலாம். எத்தனை மணிக்கு வரட்டும் என்றும் கேட்கலாம். அந்த அம்மா யாரை அழைத்தார் என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. திரையில் தெரிந்த பெயரை நான் பார்க்கவில்லை.

மூன்றாவது மணி அடிக்கிறது. உங்கள் போன் எங்கே இருக்கிறது? கொஞ்சம் பாருங்கள்.